பச்சைத் தோல் கெட்டால் எங்கே பார்ப்பது: அறிகுறி வாரியாக

கறிக்கடைகளில் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் வாங்கி, உப்புப் போட்டு, அடுக்கி, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத் தோல் ஷாப்புகளுக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைகளுக்கு, அனுப்புவது என் வேலை. அங்கே பிரித்துப் பார்த்து "இது ஆகாது" என்று ஒதுக்கிய தோல்களைத் திரும்ப எடுத்து வந்து, எங்கே கெட்டது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பெரும்பாலானவை என் கிடங்கிலும் கெடவில்லை, தோல் ஷாப்பிலும் கெடவில்லை. உரித்த முதல் நான்கு மணி நேரத்தில், கடை ஓரத்தில் குவியலாகக் கிடந்தபோதே கெட்டுவிட்டன. நமக்கு அது பத்து நாள் கழித்துத்தான் தெரிகிறது.

உங்கள் தோலில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். கையில் ஒரு தராசு, மழுங்கிய கத்தி, ரப்பர் கையுறை, ஒரு பிடி கடுக்காய்த் தூள், நல்ல பகல் வெளிச்சம் இருந்தால் போதும்.

## எல்லாவற்றுக்கும் முன்: தொடவே கூடாத தோல்

நேற்று வரை நன்றாக மேய்ந்த மாடு இன்று காலை செத்துக் கிடக்கிறது. மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த ரத்தம் உறையாமல் வடிகிறது. வயிறு சீக்கிரமே உப்பிவிட்டது. இது அடைப்பான் நோயாக இருக்கலாம். கத்தி வைக்காதீர்கள். உடலைத் திறந்தால் அந்தக் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி, மண்ணில் பல வருடம் கிடக்கும். உப்பு அதைக் கொல்லாது, வெயிலில் காயவைத்தாலும் சாகாது. கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது 1962-க்குப் போன் செய்யுங்கள். ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுத் தோலோடு முழுதாகப் புதைக்க அவர்களே வழி சொல்வார்கள்.

அப்படிப்பட்ட தோலைத் தெரியாமல் தொட்டுவிட்டவர் கையில் வலி இல்லாத கொப்புளம் வந்து, நடுவில் கறுப்பாகப் பொருக்கு கட்டினால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். போனதும் "நான் தோல் வேலை செய்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் டாக்டருக்கு அந்த நோய் நினைவுக்கு வராமல் போகலாம்.

## முடியைப் பிடித்து இழுத்தால் கையோடு வருகிறது

அதிகம் நஷ்டம் வருவது இதில்தான். சோதனை எளிது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பத்துப் பதினைந்து முடியைப் பிடித்து, வெட்டி இழுக்காமல் மெதுவாக இழுங்கள். நல்ல தோலில் தோலே சேர்ந்து மேலே எழும்பும், முடி வராது. அடிவயிறு, தொடை இடுக்கு, கழுத்து, முதுகு நடு என நான்கு இடத்திலும் பாருங்கள். எங்கே வருகிறது என்பதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

மடிப்புக் கோடு போல, வரிசையாக மட்டும் வந்தால்

தோலின் ஓரம் சுருண்டு உப்பு உள்ளே போகவில்லை. காலும் கழுத்தும் மடிந்துகொள்ளும் இடம் இது. மடிப்பை விரித்து, பழைய உப்பை உதறி, புதிய உப்பைத் தேய்த்துவிட்டால் அதற்கு மேல் பரவாது. அடுத்த முறை உப்புப் போடும் முன் ஓரங்களைக் கையால் நீவி விரியுங்கள். ஒரு தோலுக்கு அரை நிமிடம் கூட ஆகாது.

வயிற்றோரத்தில் மட்டும் வந்தால்

சாணியும் மூத்திரமும் பட்ட இடம் அது, மெல்லிசான இடமும் கூட. கழுவாமல் உப்புப் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் வடிந்த தண்ணீர் அந்தப் பக்கமே தேங்கியிருக்கும். கெட்ட ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றலாம். தரம் ஒரு படி இறங்கும், அவ்வளவுதான்.

கழுத்தில், அல்லது செம்மறியின் வால் பக்கத்தில் வந்தால்

கொழுப்பும் சதையும் ஒட்டிக்கொண்டே வந்திருக்கும். உப்பு கொழுப்பைத் தாண்டிப் போகாது. மழுங்கிய கத்தியால் சதைப்பக்கத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி உப்புப் போடுங்கள்.

முதுகு நடுவிலும் பின்தொடைப் பக்கத்திலும் வந்தால்

இதுதான் பெரிய நஷ்டம். தோலுக்கு விலை இருப்பதே அந்த இடத்தில்தான். காரணம் இரண்டில் ஒன்று. உப்புப் போடத் தாமதம் ஆகியிருக்கும், அல்லது சூடு ஆறாமல் மூட்டை கட்டியிருப்பார்கள்.

ஒரு பக்ரீத் அன்று மத்தியானம் ஆட்டோவில் எட்டு உரச் சாக்கு வந்து இறங்கியது. வாய் கட்டிய சாக்கு, உள்ளே பாலிதீன் உறை. ஒன்றை அவிழ்த்துக் கையை விட்டேன். சோறு வடித்த பானைக்குள் கை விட்டது போல ஆவியும் சூடும். நடுவில் இருந்த தோலை வெளியே எடுத்து முதுகில் விரலை வைத்து நீவினேன். முடி விரலோடு சுருண்டு வந்தது, அடியில் வெளுத்த தோல் தெரிந்தது. காலை ஏழு மணிக்கு அறுத்த ஆடுகள் அவை. மேலும் கீழும் இருந்த தோல்கள் நன்றாகவே இருந்தன. கெட்டது நடுவில் அமுங்கிக் கிடந்தவை மட்டும்தான். அன்றிலிருந்து பக்ரீத்துக்கு முந்தின நாளே, தோல் சேகரிக்கும் மதரசாக்களுக்கு உப்பு மூட்டையை நானே கொண்டுபோய் இறக்கி வைத்துவிடுகிறேன். அந்த உப்புக் காசு அன்று ஒரே நாளில் திரும்பிவிடுகிறது.

தாமதமா, சூடா என்று பிரித்துப் பார்க்க: குவியலில் எல்லாத் தோலும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் தாமதம். நடுவில் இருந்தவை மட்டும் கெட்டிருந்தால் சூடு. கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. "வெயிலே ஏறலையே அண்ணே, இப்பத்தான் உரிச்சது" என்பார், அவர் பொய்யும் சொல்லவில்லை. உரித்த தோலை நிழலில், சதைப்பக்கம் மேலாக, ஒன்றின் மேல் ஒன்று போடாமல் விரித்து வைக்கச் சொல்லுங்கள். ஆறியதும் உப்பு. நம் ஊர் வெயிலுக்கு நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

கழன்ற தோலை வைத்துக்கொள்வதா, ஒதுக்குவதா?

முடியை எப்படியும் தோல் ஷாப்பில் சுண்ணாம்பு போட்டு எடுக்கத்தான் போகிறார்கள். அதனால் முடி கழன்றது மட்டுமே குற்றம் இல்லை. கழன்ற இடத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேற்பரப்பு வழுவழுப்பாக, முழுதாக இருந்தால் வேர் மட்டும்தான் தளர்ந்திருக்கிறது. உடனே உப்புப் போட்டு, மற்றத் தோலோடு கலக்காமல், அந்த வாரமே தோல் ஷாப்புக்கு அனுப்பிவிடுங்கள். மேற்பரப்பு மங்கி, சிறு சிறு பள்ளமாக, நகம் பட்டால் உரிகிற மாதிரி இருந்தால் அதற்கு இனி உப்புச் செலவு செய்யாதீர்கள்.

## நாறுகிறது, வழவழக்கிறது

பச்சைத் தோலுக்கு ரத்த வாடை உண்டு, அது வேறு. மூக்கில் ஏறும் அமோனியா நெடி வந்தால்தான் அழுகல் தொடங்கியிருக்கிறது. முடியைச் சோதியுங்கள். முடி உறுதியாக இருந்து சதைப்பக்கம் மட்டும் வழவழத்தால், உப்புத் தண்ணீரில் அலசிச் சுரண்டி மறுபடி உப்புப் போடலாம். வெறும் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், அது கிருமிக்கு விருந்து. பச்சை நிறம் பாய்ந்து, முடியும் கழன்றால் அந்தத் தோல் போய்விட்டது. பக்கத்துத் தோலையும் கெடுக்கும் முன் வெளியே எடுங்கள்.

## உப்புப் போட்டு ஒரு வாரமாகியும் ஈரம் போகவில்லை

தோலை மடித்து, மடிப்பைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நன்றாக உப்பேறிய தோலில் தண்ணீர் கசியாது, சதைப்பக்கம் இறுகி வெளிறியிருக்கும். ஆட்டுத்தோலுக்கு ஒரு வாரம் போதும். எருமைத்தோலுக்கு மூன்று வாரம் கூட ஆகும், அதற்கு முன் பதற வேண்டாம். அதன் பிறகும் கசிந்தால் கீழே சொல்வதை வரிசையாகப் பாருங்கள்.

முதலில் தரை. சரிவு இல்லாத தரையில் அடுக்கினால் வடிந்த நீர் அடியிலேயே நிற்கும். அடியில் இருக்கும் தோல்களுக்கு மட்டும் ஈரம் என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். மரப்பலகையோ மூங்கில் தட்டோ போட்டு அதன் மேல் அடுக்குங்கள். அடுக்கு இடுப்பு உயரத்துக்கு மேல் போகக் கூடாது.

அடுத்தது உப்பின் அளவு. கைக்கணக்கில் போடுகிறவர்கள் எப்போதும் குறைவாகவே போடுகிறார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். நிறுத்துப் பார்த்துப் போடுங்கள். பச்சைத் தோலின் எடையில் 40 முதல் 50 சதவீதம் உப்பு. பத்து ஆட்டுத்தோல் சேர்ந்து 15 கிலோ இருந்தால் 6 முதல் 7.5 கிலோ. இதை ஒரே தடவையில் போடாமல் பெரும்பகுதியை முதல் நாள் தேய்த்து, இரவு முழுக்கச் சரிவில் வடியவிட்டு, மறுநாள் மீதியைப் போட்டு அடுக்கினால் நன்றாக ஏறும். உரித்த தோலில் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அது வடிய ஒரு இரவாவது கொடுக்க வேண்டும்.

பிறகு உப்பின் பருமன். கோலிக்குண்டு அளவு கல்லுப்பு தோலில் படியாது, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வெற்றிடம் விட்டுவிடும். மாவாகப் பொடித்த உப்போ கரைந்து நீரோடு ஓடிவிடும். இரண்டுக்கும் நடுவே, உடைத்த அரிசி அளவில் இருப்பதுதான் சரி.

கடைசியில் உப்பே சரியில்லாமல் இருக்கலாம். புதிதாக வாரிய உப்பில் மெக்னீசியம் கலந்திருக்கும், அது காற்றின் ஈரத்தை இழுக்கும். ஒரு பிடி உப்பைப் பழைய நாளிதழில் வைத்து இரவு விடுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் அந்த மூட்டை தோலுக்கு வேண்டாம். உப்பளத்தில் ஒரு மழைக்காலம் குவியலாகக் கிடந்து வடிந்த பழைய உப்பைக் கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும், ஐப்பசி கார்த்திகையில் அதன் அருமை தெரியும்.

## சதைப்பக்கத்தில் சிவப்பு படர்கிறது

முதல் முறை பார்க்கிறவர்கள் ரத்தக் கறை என்று நினைத்துக்கொள்வார்கள். கையுறை விரலால் தேய்த்துப் பாருங்கள். ரத்தக் கறை பழுப்பாக, ஒரே இடத்தில் நிற்கும். இது இளஞ்சிவப்பாக, பொடி தூவியது போல, நாளுக்கு நாள் விரியும், விரலில் வழவழவென்று ஒட்டும். உப்பிலேயே வாழும் கிருமி இது. தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் போனவர்கள் பாத்தியில் உப்புநீர் ரோஸ் நிறமாக நிற்பதைப் பார்த்திருப்பார்கள். அந்த நிறத்துக்குக் காரணமான இந்த வகைக் கிருமிதான் மூட்டையோடு உங்கள் கிடங்குக்கு வருகிறது. 30 டிகிரிக்கு மேல் வெப்பமும் கொஞ்சம் ஈரமும் இருந்தால் வேகமாக வளரும். ஆகவே இன்னும் உப்புப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள்.

சிவப்பு மேலாக மட்டும் இருந்தால்: முடியைச் சோதியுங்கள். உறுதியாக இருந்தால் தோல் இன்னும் கெடவில்லை. உப்பை முழுதும் துடைப்பத்தால் தள்ளி, அடுக்கைக் கலைத்து, காற்றோட்டமான நிழலில் ஆறவிடுங்கள். பிறகு சுத்தமான உப்பு. நான் 100 கிலோ உப்புக்கு 1 கிலோ போரிக் அமிலம் கலக்கிறேன். ஏற்றுமதிக்குப் போகும் தோல் என்றால் கலக்கும் முன் வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், சிலர் அதை ஏற்பதில்லை. பழைய ஆட்கள் சொல்லும் பென்டாகுளோரோபினால், ஆர்சனிக் மருந்துகள் பக்கமே போக வேண்டாம். தோலில் தங்கிப் பரிசோதனையில் மாட்டிவிடும் என்பது ஒரு பக்கம், உங்கள் கைக்கும் நுரையீரலுக்கும் அது விஷம்.

ஊதாவாக மாறியிருந்தால்: ஊதாவைக் கண்டால்தான் எனக்குப் பயம் அதிகம். தகரக் கூரையின் சூட்டில் அடுக்கு நாள்கணக்கில் புழுங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த அடுக்கை மேலும் வைத்திருக்காதீர்கள். உடனே தோல் ஷாப்புக்குத் தகவல் சொல்லி ஊறவைக்க அனுப்புங்கள்.

மாதா மாதம் திரும்பத் திரும்ப வந்தால்: பழைய உப்பை மறுபடி பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். பத்துக்கு ஒன்பது முறை அதுதான். தோலிலிருந்து உதறிய உப்பு வெள்ளையாகத்தான் இருக்கும், கிருமி கண்ணுக்குத் தெரியாது. அதைக் கலந்தால் போன மாத நோயை இந்த மாதத் தோலுக்குக் கொடுக்கிறோம்.

அந்த உப்பை வயலோரத்திலும் ஓடையிலும் கொட்டாதீர்கள். பாலாற்றங்கரையில் எத்தனை கிணறுகள் உப்புக் கரித்துப் போயின என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோல் ஷாப்புகள் மீதான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பு வந்தது. கழிவுநீர் விஷயத்தில் அவர்களுக்கு இன்று இருக்கும் கெடுபிடி நமக்கு இல்லை என்பதற்காக, அதே உப்பை நாம் மண்ணில் சேர்ப்பது நியாயம் இல்லை. சாக்கில் கட்டி, வாங்குகிறவரோடு பேசி முறையாக அப்புறப்படுத்துங்கள்.

## திட்டுத் திட்டாகக் கறை

மஞ்சளும் பழுப்புமாக, தொட்டால் சொரசொரப்பாக இருப்பது உப்புக் கறை. அசுத்த உப்பும் நீண்ட நாள் இருப்பும் சேர்ந்தால் வரும். வந்ததை நம்மால் எடுக்க முடியாது. வராமல் தடுக்க 100 கிலோ உப்புக்கு 2 கிலோ சலவைச் சோடா கலந்தால் நல்ல பலன் தெரிகிறது.

நீலமோ கறுப்போ ஆக இருந்தால் இரும்பைச் சந்தேகியுங்கள். சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. கடுக்காய்த் தூளை வெந்நீரில் கரைத்து, ஆறியதும் கறை ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். கொஞ்ச நேரத்தில் மை போலக் கறுத்தால் இரும்புதான். கடுக்காயும் ஆவாரம்பட்டையும் போட்டுப் பதனிடும் ஷாப்புகளுக்கு இந்தத் தோல் போனால் மொத்தத் திட்டும் மசிப்புட்டி கவிழ்ந்தது போலாகும், பிறகு உங்களிடம்தான் வந்து நிற்பார்கள். துருப்பிடித்த டின், கம்பி, தகரக் கதவு, கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் இவற்றைத் தேடுங்கள். எங்கள் கிடங்கில் ஒரு பழைய தராசுத் தட்டுதான் காரணமாக இருந்தது. அதில் வைத்து நிறுத்த தோலில் எல்லாம் வட்டமாகத் தட்டின் அச்சு.

## காய்ந்த தோல் ஊற மாட்டேன் என்கிறது

உப்பு கிடைக்காத கிராமங்களிலிருந்து காய்ந்த தோலும் வரும். பலகை மாதிரி இருக்கிறதே என்று மடித்துப் பார்த்துவிடாதீர்கள், மடிப்பிலேயே வெடிக்கும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். எங்கும் ஒரே மங்கலாகத் தெரிந்தால் நல்லது. கருப்பட்டிப் பாகு காய்ந்தது போல ஒளி ஊடுருவும் திட்டுகள் தெரிந்தால், பாறையிலோ மொட்டை மாடியிலோ தகரத்திலோ போட்டு நல்ல வெயிலில் காயவைத்திருக்கிறார்கள். ஈரத்தோல் அந்தச் சூட்டில் வெந்து பசையாகிவிடும். அந்த இடம் தண்ணீரில் கரைந்து ஓட்டையாகும்.

சந்தேகமாக இருந்தால் கழுத்து ஓரத்தில் இரண்டு விரல் அகலத் துண்டு வெட்டி, ஒரு சிட்டிகை சலவைச் சோடா போட்ட தண்ணீரில் ஊறவையுங்கள். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். இரண்டு மூன்று நாளில் பச்சைத் தோல் போலத் துவண்டால் மீதியையும் நம்பி வாங்கலாம். நடுவில் ஒரு கோடு மட்டும் விறைப்பாகவே நின்றால் அந்தத் தோலை நம்பி வாங்காதீர்கள். சட்டத்தில் கட்டி நிழலில் காற்றாடக் காயவைத்திருந்தால் இந்தத் தொந்தரவு எதுவும் வராது.

## சிறு சிறு ஓட்டை, அடியில் பொடி

தோல் வண்டின் வேலை. முடி முளைத்த பழுப்புப் புழுதான் தின்கிறது. அடுக்கின் அடியில் மரத்தூள் மாதிரி பொடி கிடக்கும். காய்ந்த தோலில்தான் அதிகம் வரும். அடுக்கை வெளியே எடுத்துத் தட்டி, கிடங்கு மூலைகளைக் கூட்டி, பிடித்ததைத் தனியே வையுங்கள். ஓட்டை முதுகில் இருந்தால் விலையை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

## கெடவில்லை, ஆனாலும் தரம் தேறவில்லை

இது வாங்கும்போதே கண்டுபிடிக்க வேண்டியது. முடியை எதிர்ப்பக்கமாக நீவிப் பாருங்கள். அம்மை வடு, உண்ணிக் கடி, முள் கீறல் எல்லாம் விரலுக்கு முதலில் தெரியும், கண்ணுக்குப் பிறகுதான். மாட்டுத்தோலில் பெரியம்மை (மாட்டுக்கு வரும் தோல் கட்டி நோய்) தழும்பும் சூட்டுக்குறியும் பதனிட்ட பிறகும் போகாது.

சதைப்பக்கம் கத்தி வெட்டு இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கோடு கோடாக வெளுத்துத் தெரிந்தால் ஆழமான வெட்டு. ஆட்டை ஒரு கொக்கியில் தொங்கவிட்டு, காலிலும் வயிற்றிலும் மட்டும் கத்தி போட்டு, மீதியை மடக்கிய கையால் தள்ளி உரித்தால் இந்தக் குற்றமே இல்லை. நான் வாங்கும் ஒரு கடையில் பையன் ஒருவனுக்கு இதைப் பக்கத்தில் நின்று காட்டினேன், மூன்றாவது ஆட்டிலேயே கைவந்துவிட்டது. தோல் விலை விழுந்து கிடக்கும் இந்த நாளில் கடைக்காரரை இதற்குச் சம்மதிக்க வைப்பது கஷ்டம்தான். வெட்டில்லாத தோலுக்குத் தனி விலை என்று சொல்லி, அதைக் கையோடு கொடுத்துவிடுங்கள்.

## எப்போது வெளியாளைக் கூப்பிடுவது

இரண்டு மூன்று லோடு தொடர்ந்து ஒரே குற்றத்தில் திரும்பினால், இரும்பு இல்லாத கறை காரணம் தெரியாமல் பரவினால், அல்லது ஒரு ஷாப் "உப்பில் கோளாறு" என்றும் இன்னொன்று "தோலில் கோளாறு" என்றும் சொன்னால் இனி நம் கண்ணை நம்பிப் பயனில்லை. சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் தோலையும் உப்பையும் பரிசோதிக்கக் கேட்கலாம். அதற்கு முன் நீங்கள் விற்கும் ஷாப்பில் பதம் பார்க்கும் மேஸ்திரியிடம் ஒரு தோலை நேரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். போனில் விவரித்தால் யாருக்கும் புரியாது.

பரிசோதனைக்கு அனுப்பத் துண்டு வெட்டும்போது கெட்ட இடத்தை மட்டும் வெட்டாதீர்கள். நல்லதும் கெட்டதும் சந்திக்கும் எல்லையில், உள்ளங்கை அகலத்துக்கு, இரண்டும் பாதிப் பாதி வருகிற மாதிரி வெட்டுங்கள். முடியை எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். அதே மூட்டை உப்பில் புதைத்துத் துணியில் சுற்றுங்கள், பாலிதீன் வேண்டாம். தனியாக ஒரு பொட்டலத்தில் அந்த உப்பு கால் கிலோ. கூடவே ஒரு சீட்டில் எந்த விலங்கு, எத்தனை மணிக்கு உரித்தது, எத்தனை மணிக்கு உப்புப் போட்டது, எத்தனை நாள் அடுக்கில் இருந்தது, உப்பு எந்த ஊரிலிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். பரிசோதிக்கிறவர் முதலில் கேட்பது அந்த இரண்டு மணிக்கணக்கைத்தான்.